பேய்க்குப் பல் தேய்க்கத் தெரியுமா?

அத்தியாயம் 4

மஞ்சள் துணியை அவிழ்த்ததும் பல் மேசையில் உருண்டு, பல் டாக்டர் வதனியின் தேநீர்க் கோப்பையில் மோதி நின்றது. ஒரே ஒரு முன்பல். வேர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்ன உலோகத் திருகு. மண்சரிவில் செத்தவரின் மண்டையோட்டிலிருந்து எடுத்தது என்று தெரிந்த பிறகு அதை யாரும் ஆசையாகப் பார்க்க மாட்டார்கள். ரஜீவ் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

“கடிக்காது,” என்றார் லீலாதேவி.

“கடிச்சாலும் ஒத்தப் பல்லுதானே மிஸ். தாங்கிக்கலாம்.”

லீலாதேவி யாழ்ப்பாணத்துக்காரர். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கிற வேலைக்குப் பதுளைக்கு வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பவில்லை. போலீசுக்கு எடுத்துப் போனால் சிரிப்பார்கள் என்று தோன்றுகிற விஷயங்களோடு ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள். ரஜீவ் அவருடைய த்ரீவீல் ஓட்டுநர், உதவியாளர், யாரும் கேட்காமலே கருத்துச் சொல்கிறவர். மூன்று வேலைக்கும் ஒரே சம்பளம் என்பது அவனுடைய நிரந்தரக் குறை.

இந்தத் தடவை வந்தவள் விஜயலெட்சுமி. பூனாகலைக்கு மேலே செம்புக்கல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில் அந்தத் தோட்டத்தின் மேல் லயத்தை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மலை அப்படியே மூடிவிட்டது. தோண்டியும் கிடைக்காதவர்களில் அவளுடைய அப்பா சிவஞானமும் அம்மாவும் இருந்தார்கள். அப்போது அவள் கல்யாணமாகி, கைக்குழந்தையோடு கீழ் லயத்தில் இருந்ததால் பிழைத்தாள். இந்த ஐப்பசி மழையில் பழைய சரிவு மறுபடி கொஞ்சம் நகர்ந்தது. ஒரு மண்டையோடும் சில எலும்புகளும் வெளியே வந்தன. திருகு வைத்த பல்லைப் பார்த்து, சிவஞானம்தான் என்று முடிவாயிற்று. எலும்புகளை மகளிடம் கொடுத்துவிட்டார்கள். கருமாதிக்கு நாளும் குறித்தாயிற்று.

ஊருக்கு அத்தோடு திருப்தி. மகளுக்கு மட்டும் இல்லை, ஏனென்றால் அவள் சரிவுக்குப் பிறகும் பல வருஷம் அப்பாவைப் பார்த்திருக்கிறாள். பனி இறங்குகிற நேரங்களில் சரிவின் ஓரத்தில் நிற்பார். கிட்டப் போனால் காணாமல் போய்விடுவார். அதை வெளியே சொன்ன நாளிலிருந்து அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். பூசாரி வந்தார், கயிறு கட்டினார், வேப்பிலையால் அடித்தார். கடைசியில் புருஷன் ஜீவன், பிள்ளை விதுஷாவைத் தெமோதரையில் இருக்கிற தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டான். இப்போது மண்டையோடும் வந்துவிட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்பே செத்தவரைப் பார்த்தேன் என்கிற தாயிடம் பிள்ளையைத் திருப்பித் தர முடியாது என்று சொல்லிவிட்டான்.

விஜயலெட்சுமி அழவில்லை. பல் முடிந்த துணியை லீலாதேவியின் கையில் வைத்து, “நான் பாத்தது பேயா மனுசனா? அத மட்டும் சொல்லுங்க மிஸ். மனுசன்னா எம்புள்ள எங்கிட்ட வந்துரும்,” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இன்னொன்றும் சொல்லியிருந்தாள். பேய் லயத்துக்குள் வராமல் இருக்க, மாமியார் ரெங்கம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் சரிவின் ஓரத்தில் எலுமிச்சம்பழம் வைப்பாராம். மறுநாள் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காதாம். பேயே வந்து எடுத்துப் போகிறது என்று லயத்தில் யாருக்கும் தூக்கமில்லை. முந்தின வருஷம் தை மாதத்திலிருந்து பழங்கள் எடுக்கப்படாமல் அழுகத் தொடங்கின. பேய் சாந்தியாகிவிட்டது என்று எல்லாரும் நிம்மதியடைந்தார்களாம்.

டாக்டர் வதனி பல்லை இடுக்கியால் தூக்கி விளக்கின்கீழ் பிடித்தார். 

“இது நான் பூட்டின பல்தான் அக்கா. அதில சந்தேகம் இல்லை,” என்றார். “ஆனா இப்பிடி நான் பூட்டேல்லை.”

அவருக்குச் சிவஞானத்தை நன்றாக நினைவிருந்தது. தோட்டத்து பங்களாவைச் சுற்றுலாக்காரர்கள் தங்குகிற இடமாக மாற்றியபோது, பரிமாறுகிற அப்புவான அவருக்கு முன்பல் இல்லாமலிருப்பது அழகில்லை என்று முதலாளியே செலவு செய்து அனுப்பி வைத்தாராம். சரிவுக்கு முந்தின மாதம் பல் பூட்டியது. ஈறுக்கு வெளியே கொஞ்சம் தெரிந்த டைட்டானியக் கழுத்து அன்றைக்குக் கண்ணாடியாக மின்னியது. இப்போது விளக்கு பட்ட பக்கம் அது மங்கிப் போய், கறையான் அரித்த பலகையாகக் குழி விழுந்து கிடந்தது.

டைட்டானியம் கொஞ்சம் மானமுள்ள உலோகம் என்று வதனி விளக்கினார். தன்மேல் தானே ஒரு மெல்லிய தோலைப் போர்த்திக்கொள்ளும். கீறினாலும் அந்தத் தோல் உடனே வளர்ந்துவிடும். எச்சிலும் உப்பும் அதை ஒன்றும் செய்யாது. வாய்க்குள் அதற்கு இருக்கிற பெரிய எதிரி, ஃபுளோரைடும் புளிப்பும் ஒன்றாக வருவதுதான். அப்போது தோல் கரையும், வளர்வதற்குள் மறுபடி கரையும்.

“தனித்தனிய விட்டா ரெண்டும் நல்ல பிள்ளையள். கூட விட்டா வீட்டை எரிச்சுப்போடும்.”

“ஃபுளோரைட் பற்பசையிலயே இருக்குதுதானே?” என்று லீலாதேவி கேட்டார்.

இருக்கிறது என்றார் வதனி. ஆனால் அதோடு நல்ல புளிப்பும் சேரவேண்டும், அதுவும் வருஷக்கணக்காக. ஒரு மாதத்தில் இவ்வளவு அரிக்காது.

ரஜீவ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். “அப்ப செத்ததுக்கப்புறமும் இவரு வருசக்கணக்கா பல்லு வெளக்கியிருக்காரு. நல்ல பழக்கம் மிஸ். உயிரோட இருக்கவங்களே பல பேரு வெளக்குறதில்ல.”

லீலாதேவி சிரிக்கவில்லை. துணியில் பல்லை வைத்து, குழந்தைக்குப் போர்த்துகிற கவனத்தோடு முடிச்சுப் போட்டார்.

பண்டாரவளையைத் தாண்டி பூனாகலைப் பாதையில் ஏறும்போது பனி கண்ணாடியில் ஒட்டத் தொடங்கியது. ரஜீவ் உற்சாகமாக இருந்தான். கேஸ் முடிந்துவிட்டது, பிள்ளை தாயிடம் வந்துவிடும், தனக்கு இன்று ரொட்டியும் கட்டச்சம்பலும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வளைவுகளை எடுத்தான். அப்போது லீலாதேவியின் போன் அடித்தது. வதனி.

அவர் மறுபடி யோசித்துப் பார்த்தாராம். தேயிலை மண் புளித்த மண். அதோடு தேயிலை, மண்ணில் உள்ள ஃபுளோரைடை உறிஞ்சி முற்றிய இலையில் சேர்த்து வைக்கிற செடி. அந்த இலைகள் நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே விழுந்து மக்கியிருக்கின்றன. அந்த ஈரச் சேற்றில் பல் வருஷக்கணக்காகக் கிடந்திருந்தால்?

“மண்ணே செய்திருக்கலாம் அக்கா. நான் சத்தியம் பண்ண மாட்டன்.”

லீலாதேவி போனை மடியில் வைத்துவிட்டு வெளியே பார்த்தார். பார்க்க ஒன்றும் இல்லை, பனிதான். எத்தனையோ கோரிக்கைகளைப் பொய் என்று எழுதித் தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர் அவர். இந்தக் கேஸில் மட்டும் ஒரு பதில் வேண்டும் என்று ஆசைப்படுகிறார், அந்த ஆசைதான் அவரைப் பயமுறுத்தியது. ஆசைப்பட்டு அளக்கிறவர் கை எப்போதும் கொஞ்சம் கூடவே அளக்கும்.

வளைவில் இருந்த தேநீர்க் கடையில் நிறுத்தினார்கள். ரஜீவ் தன் பிளேன்டீயைச் சந்தேகமாக முகர்ந்தான்.

“அப்ப நாம குடிக்கிறதும் அந்தச் சாமான்தானா மிஸ்?”

“பேசாம குடியும்.”

“குடிக்கிறேன். என் வாயில திருகு ஒன்னும் இல்ல. மண்டையிலதான் ஒன்னு கழண்டுருக்குன்னு அம்மா சொல்லும்.”

லீலாதேவி துணியை அவிழ்த்து, பல்லை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினார். ஒரு பக்கம் திருப்பினார், மறுபக்கம் திருப்பினார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை திருப்பினார்.

“ரஜீவ், பல்லு விளக்கிற மாதிரி விரலால செய்து காட்டும்.”

கடையில் நாலு பேர் இருக்கிறார்கள் என்று அவன் தயங்கினான். பிறகு ஆள்காட்டி விரலை வாய்க்குக் குறுக்கே வைத்து இப்படியும் அப்படியும் இழுத்தான்.

“பல்லின்ர பின்பக்கம்?”

“பின்பக்கத்த யாரு மிஸ் பாக்கப் போறா?”

லீலாதேவி பல்லை அவன் உள்ளங்கையில் வைத்தார். உதட்டுப் பக்கம் பார்த்த உலோகம் முழுக்க அரித்திருந்தது, அந்த அரிப்பின்மேல் குறுக்குக் குறுக்காக மெல்லிய கோடுகள் ஓடின. நாக்குப் பக்கம் பார்த்த உலோகம் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

“மண்ணுக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாது,” என்றார் லீலாதேவி. “மண் அரிச்சிருந்தா சுத்திவர அரிச்சிருக்கும். இது மனிசக் கை அரிச்சது.”

ரஜீவ் பல்லை அவசரமாகத் திருப்பிக் கொடுத்தான்.  ஒரு செத்த மனிதர் கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்துக்கொள்வது அவன் மனசில் வந்துபோயிற்று. தேநீரை ஒரே மடக்கில் குடித்தான்.

“ஆனா புளிப்பு எங்கால வந்தது?” என்று லீலாதேவி தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

இதற்கு ரஜீவிடம் பதில் இருந்தது. அவனுக்கே அது பதில் என்று தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். தோட்டத்தில் வெத்திலை போடாதவர்கள் குறைவு என்று பேச்சுவாக்கில் ஆரம்பித்தான். வெத்திலை போடுகிறவர்கள் கல்யாண வீட்டுக்குப் போகுமுன் என்ன செய்வார்கள்? பிரஷில் பேஸ்டைப் போட்டு, அதன்மேல் எலுமிச்சங்காயைப் பிழிந்து தேய்ப்பார்கள். கறை பளிச்சென்று போய்விடும். அவன் மாமா ஒவ்வொரு தேர்தலுக்கும் அப்படித் தேய்ப்பார், அவர் போட்டோ மட்டும் நன்றாக வரும். பங்களா அப்பு என்றால் தினமும் தேய்க்கவேண்டியதுதான். குசினியில் வெத்திலை, மேசைக்கு வரும்போது வெள்ளைச் சிரிப்பு.

“தேசிக்காய்,” என்றார் லீலாதேவி.

“நாங்க எலுமிச்சங்கான்னு சொல்லுவோம் மிஸ்.”

“எப்பிடியும் சொல்லும். சரிவில வச்ச தேசிக்காயை ஆர் எடுத்தது?”

ரஜீவ் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

சரிவின் ஓரத்தில் அபாயப் பகுதி என்று எழுதிய பலகை பாதி புதைந்து நின்றது. அதற்கு அப்பால் லயம் இருந்த இடம் முழுக்கக் காட்டுப்புல். தேயிலைச் செடிகள் கவனிப்பாரில்லாமல் மரமாக வளர்ந்திருந்தன. பறவைச் சத்தம்கூட இல்லை. அங்கே நின்றபோது, காலுக்குக் கீழே ஆட்கள் படுத்திருக்கிறார்கள் என்கிற நினைப்பைத் தள்ளவே முடியவில்லை. ரஜீவ் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். 

ஒரு தட்டைக் கல்லின்மேல் சிரட்டை இருந்தது. அதில் பழைய எலுமிச்சம்பழங்கள் கறுத்து அழுகிக் கிடக்க, மேலே புதிதாக இரண்டு. மழை படாமல் ஒரு துண்டுத் தகரத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

ரஜீவ் குனிந்து பார்த்தான். முகம் மாறியது.

“மிஸ், இது தப்பு. பேய வெரட்டுறதுக்கு எலுமிச்சங்காய இப்படி முழுசா வைக்க மாட்டாங்க. ரெண்டா வெட்டி குங்குமம் தடவி எறியணும். அத யாரும் தொடக்கூட மாட்டாங்க. இது முழுசா, கழுவித் தொடச்சு வச்சிருக்கு. பேய்க்கு மழை படும்னு தகரம் வேற.”

“அப்ப இது என்ன?”

“சாப்பாடு அனுப்புற மாதிரி இருக்கு.”

சரிவுக்கு மேலே, பனியில் தெரிந்தும் தெரியாமலும், ஒரு கட்டடம் நின்றது. பழைய பிள்ளைக் காம்பரா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்கிற இடம். சரிவுக்குப் பிறகு அங்கே யாரும் போவதில்லை. தடை போட்டிருந்ததால் மட்டுமல்ல, இருட்டில் குழந்தைகள் அழுகிற சத்தம் கேட்கும் என்றும் பேச்சு இருந்தது.

கதவு தள்ளியதும் திறந்தது. கூரையில் தொட்டில் கட்டுகிற இரும்பு வளையங்கள் வரிசையாகத் தொங்கின. காற்று இல்லை, இருந்தும் ஒன்று ஆடுவதாக ரஜீவ் சத்தியம் செய்தான். மூலையில் பிழிந்த எலுமிச்சம்பழத் தோல்கள் காய்ந்து, முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தன. பக்கத்தில் பற்பசைக் குழாய்கள். ஒவ்வொன்றையும் கத்தியால் கிழித்து, உள்ளே ஒட்டியிருந்ததையும் வழித்து எடுத்திருந்தார்கள். ஆணியில் ஒரு வெள்ளைக் கோட்டு, பூஞ்சணம் பிடித்து. ஜன்னல் ஓரத்தில் ஒரு கண்ணாடித் துண்டு.

லீலாதேவி அந்தக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே கீழே பார்த்தார். பனி ஒரு கணம் விலகியது. நேர் கீழே, கீழ் லயத்தின் தொங்கல் காம்பரா, வரிசையின் கடைசி வீடு, தெரிந்தது. அதன் வாசலில் விஜயலெட்சுமி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருவர் இந்த ஜன்னலில் நின்று வருஷக்கணக்காகப் பல் தேய்த்திருக்கிறார், தேய்க்கும்போதெல்லாம் மகளைப் பார்த்திருக்கிறார்.  தனக்குக் கிடைத்த பதில் இப்படி இருக்கும் என்று லீலாதேவி நினைத்திருக்கவில்லை.

பின்னால் யாரோ இருமினார்கள். ரஜீவ் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

வாசலில் விஜயலெட்சுமியின் மாமியார் ரெங்கம்மா நின்றார். கொழுந்து பறிக்கும்போது கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பில் கட்டியபடி, முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு. அவர்களைப் பார்த்ததும் திரும்பிப் போக நினைத்தார், பிறகு போகவில்லை.

“தேசிக்காய் பேயைத் துரத்த வச்சதில்லை,” என்றார் லீலாதேவி. “அவருக்குக் குடுக்க வச்சது. என்னம்மா?”

ரெங்கம்மா அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் போல மடமடவென்று சொல்லத் தொடங்கினார்.

சரிவுக்கு முந்தின சாயந்திரம் மலை உறுமியது. லயத்து ஆட்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியே வந்தார்கள். பங்களாவுக்கு ஏறிப் போவோம் என்றார்கள். பங்களாவில் வெளிநாட்டு விருந்தாளிகள் இருந்தார்கள். இத்தனை ஆட்கள் அங்கே வந்தால் அவர்கள் பயந்துவிடுவார்கள் என்று முதலாளி அப்புவை அனுப்பினார். அப்பு வந்து, ஒன்றும் ஆகாது, போய்ப் படுங்கள் என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். சிவஞானம் சொன்னதால் போய்ப் படுத்தார்கள். அவர் மனைவியும் படுத்தார். அவர் பரிமாறுவதற்காகப் பங்களாவுக்குத் திரும்பிப் போனதால் தப்பினார்.

“எந்தம்பியும் அந்த லயத்துலதாம்மா படுத்தான்,” என்றார் ரெங்கம்மா. “ரெண்டு நாள் கழிச்சு இவர இங்க பாத்தேன். காறித் துப்பத்தான் கிட்டப் போனேன். கையால மண்ணத் தோண்டிக்கிட்டு இருந்தாரு. நகமே இல்ல. துப்ப முடியல.”

செத்ததாகவே இருக்கட்டும், யாரிடமும் சொல்லாதே என்று சிவஞானம் காலில் விழுந்தாராம். ரெங்கம்மா சோறு கொண்டுவந்தார், வெத்திலை, பற்பசை, எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். பேய்க்குப் பழம் வைக்கிறேன் என்று சொன்னால் யாரும் பின்னால் வரமாட்டார்கள். முந்தின வருஷம் தை மாதம் இருமல் முற்றி அவர் போய்விட்டார். மனைவி புதைந்த இடம் இதுதான் என்று அவர் காட்டியிருந்த மண்ணிலேயே, ரெங்கம்மா தனியாளாய்க் குழி வெட்டினார். பழக்கத்தில் பழம் மட்டும் இன்னும் வைக்கிறார்.

“சரிவில கிடைச்ச எலும்பெண்டா ஆரும் வேற கேள்வி கேக்கிறேல்லை,” என்று லீலாதேவி முணுமுணுத்தார். பிறகு, உண்மையான கோபத்தோடு கேட்டார்: “மருமகளுக்குப் பேய் பிடிச்சிருக்கெண்டு அடிச்சவை. பிள்ளையைப் பறிச்சவை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

ரெங்கம்மா முந்தானை முடிச்சை நெருடினார்.

“அவகிட்ட சொன்னா அவர வீட்டுக்குக் கூட்டியாந்துருவா. கூட்டியாந்தா லயமே சேந்து கொன்னுரும்னு பயந்தேன். அதுவும் உண்மைதாம்மா. ஆனா சில நாளைக்கு தம்பி நெனப்பு வரும். மக கண்ணுக்கு இவரு பேயாவே இருக்கட்டும்னு தோணும். மறுநாளே சோத்தத் தூக்கிக்கிட்டு ஓடியாருவேன். ரெண்டும் நாந்தான்.”

யாருமில்லாத இடத்தில் பல்லை ஏன் அப்படித் தேய்த்தார் என்று ரஜீவ் கேட்டான். அவன் குரலில் கிண்டல் இல்லை.

“நானும் கேட்டேன் தம்பி. ஒரு நாளு மக வாசல்ல போய் நிக்கணும்னாரு. அன்னிக்கு வாயி சிவப்பா இருக்கக்கூடாதாம்.”

தொங்கல் காம்பராவில் ஜீவனும் இருந்தான். கருமாதிக்குப் பல்லைத் திருப்பி வாங்கக் காத்திருந்தான். லீலாதேவி பல்லைத் துணியோடு விஜயலெட்சுமியின் கையில் கொடுத்தார். விளக்கம் சொல்ல வாயெடுத்தவரை ரெங்கம்மா கையமர்த்திவிட்டு, மகனைப் பார்த்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் தானே சொன்னார். முதலாளியின் பேச்சை எடுத்துவந்த அப்புவை, தோண்டிய கைகளை, தம்பியை, பழங்களை, தான் வெட்டிய குழியை. நாளைக்குப் போலீசில் இதையே சொல்லவேண்டும் என்று லீலாதேவி சொன்னபோது, சொல்கிறேன் என்று தலையசைத்தார்.

ஜீவன் தாயை ஏசுவான் என்று ரஜீவ் எதிர்பார்த்தான். அவன் ஏசவில்லை. மனைவியைப் பார்க்கவும் முடியாமல், போனை எடுத்துத் தெமோதரைக்கு அடித்தான். நாளைக் காலை முதல் பஸ்ஸில் பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னான். 

பிள்ளை வந்துவிடும். கேட்டது கிடைத்துவிட்டது. விஜயலெட்சுமியின் முகத்தில் அது தெரியவில்லை. அவள் லீலாதேவியிடம் மெல்லக் கேட்டாள்:

“மனுசன்தான், இல்ல மிஸ்?”

“ஓம். மனிசன்தான்.”

“பேயின்னே சொல்லியிருக்கலாம் மிஸ்.”

லீலாதேவிக்குப் புரியவில்லை. விஜயலெட்சுமி நிலைப்படியைப் பார்த்தபடி சொன்னாள். முந்தின வருஷம் பொங்கலுக்கு முன்னால், நல்ல பனி நாள். வீட்டில் அவள் தனியாக இருந்தாள். அந்த இடத்தில்தான் அப்பா வந்து நின்றாராம். முதல் தடவையாகக் கிட்டத்தில். பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்ததாம். விஜி, கொஞ்சம் தண்ணி குடு என்று கேட்டாராம். வாசலுக்கு வருகிற பேய்க்குத் தண்ணீர் மட்டும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அது வீட்டைவிட்டுப் போகாது என்று பூசாரி சொல்லியிருந்தார். அவள் துடைப்பத்தை எடுத்து வீசிவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். உள்ளே உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். ஒருவரிடமும் சொல்லவில்லை.

லீலாதேவி அவள் தோளில் கை வைத்தார். 

ஜீவன் போனை மனைவியிடம் நீட்டினான். விதுஷா பேசவேண்டுமாம். ஸ்பீக்கரில் இருந்ததால் பிள்ளையின் குரல் காம்பரா முழுக்கக் கேட்டது.

“அம்மா, பேயி போயிருச்சாம்மா?”

விஜயலெட்சுமி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அது பேயில்லடி. ஒன் தாத்தா. தண்ணி கேட்டு வந்தாரு.”

அந்தப் பக்கத்தில் பிள்ளை சாதாரணமாகத்தான் கேட்டது.

“குடுத்தியாம்மா?”

“இல்லடி,” என்றாள் விஜயலெட்சுமி.